கேம் கடையில் ஆட்குறைப்பு என்றால் நாம் வாங்கிய கேம்கள் என்ன ஆகும்?

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இது: "பல வருடங்களாக ஒரே டிஜிட்டல் கடையில் கேம்கள் வாங்கிச் சேர்த்திருக்கிறேன். அங்கே ஆட்களை வேலையிலிருந்து எடுக்கிறார்கள் என்று செய்தி வருகிறது. கடையை மூடப்போகிறார்களா? மூடினால் என் கேம்கள் எல்லாம் போய்விடுமா? இனிமேல் அங்கே வாங்கலாமா?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்குறைப்பு என்ற ஒரு செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு கடை மூடப்போகிறது என்று முடிவுகட்ட வேண்டாம். அதற்காக உங்கள் கவலை வீண் என்றும் சொல்ல மாட்டேன். நீங்கள் வாங்கிய கேம் திறக்கும்போது யாருடைய அனுமதியைக் கேட்கிறது என்று பாருங்கள். கடையின் சர்வரைக் கேட்டுத்தான் திறக்கிறது என்றால், கடைக்கு நேர்வது உங்களுக்கும் நேரும். யாரையும் கேட்காமல் திறக்கிறது, அதன் கோப்பும் உங்கள் கையில் இருக்கிறது என்றால், கடை நாளைக்கே மூடினாலும் நீங்கள் விளையாடிக்கொண்டிருக்கலாம். கடையின் எதிர்காலத்தைக் கணிப்பதைவிட, உங்கள் லைப்ரரியில், அதாவது கணக்கில் சேர்ந்திருக்கும் கேம்களில், எது எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பது அதிகப் பலன் தரும்.

சரி, முதலில் செய்தியை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். 2023 செப்டம்பரில் எபிக் கேம்ஸ் சுமார் 830 பேரை வேலையிலிருந்து எடுத்தது. அது அவர்களுடைய ஆட்களில் 16 சதவீதம். 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரை வேலையிலிருந்து எடுத்தது. அடுத்த மாதமே சோனியின் பிளேஸ்டேஷன் பிரிவில் சுமார் 900 பேர் போனார்கள். மூன்றுமே சொந்தக் கடை நடத்தும் நிறுவனங்கள். மூன்று கடைகளும் அதற்குப் பிறகும் நடக்கின்றன. வாங்கியவர்களின் லைப்ரரியில் அதனால் எதுவும் மறையவில்லை. கொரோனா ஊரடங்குக் காலத்தில் விற்பனை ஏறியபோது துறை முழுக்க ஆட்களை வேலைக்கு அள்ளிச் சேர்த்தார்கள். பிறகு விற்பனை பழைய நிலைக்குத் திரும்பியது, வட்டி விகிதம் ஏறியது, முதலீடு சுருங்கியது. அந்தக் கணக்கின் சுமை ஊழியர்கள் தலையில் விழுந்தது. இதில் கடை பிழைக்குமா என்ற கேள்விக்கே பல இடங்களில் இடமில்லை.

ஆள் எண்ணிக்கையும் நாம் நினைக்கும் அளவுக்குப் பெரிய தகவல் இல்லை. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தில் 2021-ல் மொத்தமே 336 பேர் இருந்ததாக நீதிமன்ற ஆவணங்கள் வழியே வெளியே தெரிந்தது. அவர்களில் ஸ்டீம் கடைக்கென்று இருந்தவர்கள் 79 பேர். உலகத்தின் மிகப் பெரிய பிசி கேம் கடையை அத்தனை பேர்தான் நடத்தினார்கள். ஒரு டிஜிட்டல் கடையில் கோப்புகளைச் சேமித்து வைக்கவும், கேட்டவருக்கு அனுப்பவும் ஆகிற வேலை பெரும்பாலும் தானாக நடக்கிறது. ஆள் தேவைப்படுவது மற்ற வேலைகளுக்கு: புதிய கேம்களுக்கு ஒப்பந்தம் பேசுவது, பணம் வசூலிப்பது, டெவலப்பர்களுக்குப் பங்கு அனுப்புவது, ரீஃபண்ட் பார்ப்பது, பழைய கேம்களைச் சோதிப்பது, மொழிபெயர்ப்பு, விளம்பரம்.

அதனால் எத்தனை பேர் என்பதோடு நிறுத்தாமல், எந்த வேலையைச் செய்தவர்கள் என்று தேடிப் பாருங்கள். வேலை இழந்தவர்கள் தங்கள் பக்கத்தில் எழுதுவதிலிருந்தே இது பெரும்பாலும் தெரிந்துவிடும். விளம்பரம், மொழிபெயர்ப்பு, சப்போர்ட் பிரிவுகளில் ஆள் குறைந்தால் நீங்கள் அனுப்பும் புகாருக்குப் பதில் வரத் தாமதமாகும், தள்ளுபடிகள் குறையலாம், சில மொழிகளில் பக்கம் பராமரிக்கப்படாமல் போகலாம். சிரமம்தான், ஆனாலும் உங்கள் கேம்கள் அங்கேயே இருக்கும். டெவலப்பர்களோடு ஒப்பந்தம் பேசுகிறவர்களும், பணம் அனுப்பும் கணக்குப் பிரிவும் போனால் நான் கவனமாகப் பார்ப்பேன். சர்வர்களைப் பராமரிக்கும் குழுவே போய்விட்டது என்றால் அன்றைக்கே டவுன்லோடு செய்ய ஆரம்பித்துவிடுவேன்.

இந்த மாதிரிக் கவலை அதிகமாக எழுந்த கடை ஜிஓஜி. அதன் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கேள்வியின் எல்லாப் பக்கமும் அதில் இருக்கிறது. போலந்தின் சிடி ப்ராஜெக்ட் என்ற கேம் நிறுவனம் 2008-ல் தொடங்கியது அது. பழைய கேம்களை இன்றைய விண்டோஸில் ஓடும்படி செய்து, அனுமதி இல்லாமல் நகலெடுக்கவோ ஓட்டவோ விடாத டிஆர்எம் என்ற பூட்டு இல்லாமல் விற்பதுதான் அதன் அடையாளம். 2010 செப்டம்பரில் ஒருநாள் தளம் திடீரென்று நின்றது; இதே வடிவில் தொடர முடியாது என்று ஓர் அறிவிப்பு மட்டும் இருந்தது. சில நாள் கழித்து, புதிய தளத்துக்காகச் செய்த விளம்பர உத்தி அது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார்கள். வாடிக்கையாளரின் நம்பிக்கையை வைத்து அப்படிச் செய்தது தவறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் பூட்டில்லாத கேம் வாங்கினாலும், அதை டவுன்லோடு செய்து வைக்காதவரை கடையை நம்பித்தான் இருக்கிறோம் என்பது அந்தச் சில நாட்களில் பலருக்கு உறைத்திருக்கும்.

2019 பிப்ரவரியில்தான் ஆட்குறைப்பு செய்தி வந்தது. சுமார் ஒரு டஜன் பேரை வேலையிலிருந்து எடுத்ததாகவும், அதே காலத்தில் ஏறக்குறைய இரு மடங்கு புதியவர்களைச் சேர்த்ததாகவும் நிறுவனம் சொன்னது. அதைவிட முக்கியமான செய்தி அதே சமயத்தில் வேறொன்று வந்தது. ஒரு நாட்டில் கேமின் விலை அமெரிக்க விலையைவிட அதிகமாக இருந்தால், வித்தியாசத்தைக் கடையே தன் பங்கிலிருந்து வாலட்டில் (அந்தக் கடையில் மட்டும் செலவழிக்கக்கூடிய இருப்புக் கணக்கில்) திருப்பித் தரும் திட்டம் ஒன்று இருந்தது. அதை மார்ச் 31-உடன் நிறுத்துவதாக அறிவித்தார்கள். டெவலப்பர்களுக்குத் தரும் பங்கு கூடிவிட்டதால் தங்களுக்கு மிஞ்சுவது குறைந்துவிட்டது என்று காரணமும் சொன்னார்கள். அதற்கு முந்தைய டிசம்பரில்தான் எபிக் தன் கடையைத் திறந்து, விற்பனையில் 12 சதவீதம் மட்டும் எடுத்துக்கொள்வதாக அறிவித்திருந்தது. கடைகள் வழக்கமாக எடுக்கும் பங்கு 30 சதவீதம். அதே நேரத்தில் ஸ்டீமும் அதிகம் விற்கும் கேம்களுக்குத் தன் பங்கை 25, 20 சதவீதம் என்று இறக்கியது. இதையெல்லாம் சேர்த்துப் படித்தால்தான் அந்த ஆட்குறைப்பின் பொருள் விளங்கும்: சின்னக் கடைக்கு மிஞ்சும் லாபம் சுருங்குகிறது, அதனால் செலவைக் குறைக்கிறார்கள்.

2021-ன் மூன்றாம் காலாண்டில் ஜிஓஜி சுமார் 11 லட்சம் டாலர் நட்டத்தைக் காட்டியது. சில டெவலப்பர்கள் தாய் நிறுவனத்தின் வேறு வேலைகளுக்கு மாற்றப்பட்டார்கள். தேர்ந்தெடுத்த கேம்களை பூட்டில்லாமல் விற்கும் பழைய வேலைக்கே கடை திரும்பும் என்று அறிவித்தார்கள். அப்போதும் "முடிந்துவிட்டது" என்று பலர் எழுதினார்கள். நடந்தது என்னவென்றால், 2024 நவம்பரில் அதே கடை பழைய கேம்களைத் தொடர்ந்து பராமரிக்கும் திட்டம் ஒன்றை 100 கேம்களோடு தொடங்கியது. 2025 டிசம்பர் இறுதியில், சிடி ப்ராஜெக்டைத் தொடங்கிய இருவரில் ஒருவரான மிகாவ் கிசின்ஸ்கி அந்தக் கடையை 9 கோடி ஸ்லோட்டிக்கு (போலந்து நாணயம்) சற்றுக் கூடுதலான விலைக்கு வாங்கிக்கொண்டார். ஆட்குறைப்பு, நட்டம், கை மாறுதல் எல்லாம் நடந்தும் வாங்கியவர்களின் லைப்ரரி அப்படியே இருக்கிறது.

பெயர்க் குழப்பமும் பயத்தைக் கிளப்பும். 2024 ஜூலையில் ஹம்பிள் கேம்ஸ் என்ற வெளியீட்டு நிறுவனத்தில் 36 பேரின் வேலை போனது. கேம்களைத் தொகுப்பாக விற்கும் ஹம்பிள் பண்டில் கடைதான் மூடுகிறது என்று நிறையப் பேர் பதறினார்கள். அது வேறு பிரிவு. கடைக்குப் பாதிப்பு இல்லை என்று அப்போதே தெளிவுபடுத்தினார்கள். ஆனால் அந்த வெளியீட்டு நிறுவனத்தை நம்பியிருந்த சிறிய டெவலப்பர்களுக்கு அது பேரிடிதான். நம் லைப்ரரிக்கு ஆபத்து இல்லை என்று தெரிந்ததும் செய்தியை மூடிவிட்டுப் போய்விடுகிறோம். அவர்கள் நிலையையும் கொஞ்சம் விசாரிக்கலாம்.

அப்படியானால் எந்த அறிகுறியைக் கண்டு பயப்பட வேண்டும்? எனக்குத் தெரிந்து மிக நம்பகமானது ஒன்று: டெவலப்பர்களுக்குப் பணம் வராமல் போவது. டெசுரா என்ற கடை சிறிய டெவலப்பர்களின் கேம்களுக்குப் பெயர் பெற்றது. 2015-ல் தங்களுக்கு வரவேண்டிய பணம் வரவில்லை என்று டெவலப்பர்கள் வெளிப்படையாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். சில வாரங்களில் அதன் உரிமையாளரான பேட் ஜூஜூ கேம்ஸ் திவால் மனு கொடுத்தது. பணம் நிற்பது கடைசிக் கட்டம். அதைக் கேள்விப்பட்டால் வாங்குவதை நிறுத்துங்கள், டவுன்லோடைத் தொடங்குங்கள்.

இன்னோர் அறிகுறி, நிறுவனம் தன் கடைக்காக முதலீடு செய்வதை நிறுத்துவது. கேமை நம் கணினியில் நிறுவாமல் இணையம் வழியாகவே ஓட்டிய கூகுள் ஸ்டேடியா சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 பிப்ரவரியில் ஸ்டேடியாவுக்காகவே கேம் தயாரிக்க வைத்திருந்த ஸ்டுடியோக்களை மூடினார்கள். அடுத்த வருடம் செப்டம்பரில் சேவையையே நிறுத்துவதாக அறிவித்தார்கள். 2023 ஜனவரி 18-ல் அது நின்றது. கேம்களுக்கும், தங்கள் கடையில் விற்ற கருவிகளுக்கும் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். அது நல்ல முன்மாதிரி. ஆனால் கூகுள் அளவுக்குப் பணம் உள்ள நிறுவனத்தால் செய்ய முடிந்ததை, திவாலாகும் சின்னக் கடையால் செய்ய முடியாது. ரீஃபண்ட் வரும் என்று எண்ணித் திட்டம் போடாதீர்கள்.

இப்போது உங்கள் லைப்ரரிக்கு வருவோம். நீங்கள் பணம் கொடுத்து வாங்கியது பெரும்பாலும் கேமைப் பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. இதைக் கடைகள் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டு, அது 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிரந்தரமாக டவுன்லோடு செய்து, இணையம் இல்லாமலே பயன்படுத்தக்கூடிய பொருளுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. எது நம் கையில் நிற்கும், எது நிற்காது என்று சட்டமே பிரித்துப் பார்க்கிறது.

பூட்டில்லாத இன்ஸ்டாலர் (கேமைக் கணினியில் நிறுவும் கோப்பு) தரும் கடையில் வாங்கியவை மிகப் பாதுகாப்பானவை, ஆனால் டவுன்லோடு செய்திருந்தால்தான். ஸ்டீம், எபிக் போன்ற லாஞ்சரோடு (கேமைத் திறக்கும் கடையின் செயலியோடு) வருபவற்றில் இரண்டு விதம் உண்டு. சில கேம்கள் லாஞ்சரைத் திறக்காமலே, கேம் இருக்கும் ஃபோல்டரிலிருந்து நேராக ஓடும்; அந்த ஃபோல்டரை நகலெடுத்து வைத்தாலே போதும். மற்றவை கணக்கைச் சரிபார்க்காமல் திறக்காது. எது எப்படி என்று பிசிகேமிங்விக்கி என்ற இணையதளத்தில் ஒவ்வொரு கேமுக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஹம்பிள் மாதிரி ஸ்டீம் கீ (கேமை ஸ்டீம் கணக்கில் சேர்க்கும் குறியீடு) விற்கும் கடைகளில் வாங்கியிருந்தால் நிலைமை வேறு. கீயை ஸ்டீமில் போட்டுவிட்டால் அந்தக் கேம் உங்கள் ஸ்டீம் கணக்குக்குப் போய்விடுகிறது. கீ விற்ற கடை இருந்தாலும் போனாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆபத்தெல்லாம் போடாமல் வைத்திருக்கும் கீகளுக்குத்தான். சில கீகளுக்குக் காலாவதித் தேதியும் உண்டு. இன்றே எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள். இது ஒரு மணி நேர வேலை.

சர்வர் இல்லாமல் ஓடாத கேம்களுக்கு மட்டும் நம்மால் செய்ய முடிவது குறைவு. யூபிசாஃப்ட் நிறுவனத்தின் 'தி க்ரூ' என்ற கேம் 2014-ல் வந்தது. 2024 மார்ச் 31-ல் சர்வரை நிறுத்தியதும், தனியாக விளையாடும் பகுதிகூட ஓடவில்லை. அங்கே கடை நன்றாகத்தான் இருந்தது, கேம்தான் போனது. இதை எதிர்த்து ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் தொடங்கிய இயக்கத்தின் கோரிக்கைக்கு ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். ஆட்குறைப்பைவிட இந்த வகை கேம்களைப் பற்றித்தான் வாடிக்கையாளர்கள் அதிகம் கவலைப்பட வேண்டும் என்பது என் எண்ணம்.

கடை மூடுவது என்று முடிவான பிறகும் எல்லாம் ஒரே நாளில் மறைவதில்லை. நின்டெண்டோ 3டிஎஸ், வீ யூ கடைகள் 2023 மார்ச் 27-லும், எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலை 29-லும் விற்பனையை நிறுத்தின. ஏற்கெனவே வாங்கியவற்றை மறுபடி டவுன்லோடு செய்ய அதற்குப் பிறகும் வழி வைத்தார்கள். பிளேஸ்டேஷன் 3, வீட்டா கடைகளை மூடுவதாக 2021 மார்ச்சில் அறிவித்த சோனி, வாடிக்கையாளர்களின் எதிர்ப்புக்குப் பிறகு அடுத்த மாதமே அந்த முடிவைக் கைவிட்டது. குரல் கொடுத்தால் சில சமயம் பலன் இருக்கிறது. அதே சமயம், இவை பெரிய நிறுவனங்கள். முன்கூட்டியே தேதி சொல்லி மூடினார்கள். சின்னக் கடைகளில் அந்த அவகாசம் கிடைக்கும் என்று உறுதி இல்லை.

அப்புறம், செய்ய வேண்டியவை. மறுபடி விளையாட ஆசைப்படும் கேம்களிலிருந்து டவுன்லோடைத் தொடங்குங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுக்க முயன்று பாதியில் அலுத்துப்போகிறவர்கள் அதிகம். ஜிஓஜி-யில் பெரிய கேம்களின் இன்ஸ்டாலர் பல துண்டுகளாக வரும்: ஒரு செட்டப் கோப்பும், அதோடு சேர்ந்த 'பின்' கோப்புகளும். ஒரு துண்டு குறைந்தாலும் நிறுவ முடியாது. கூடுதல் பகுதிகளான டிஎல்சி-களுக்குத் தனி இன்ஸ்டாலர் இருக்கும், அதை மறந்துவிடுவார்கள். கேமுக்குப் புதிய பேட்ச் (திருத்தம்) வந்தால் பழைய இன்ஸ்டாலர் பழையதாகவே இருக்கும் என்பதால் தேதியை ஃபோல்டர் பெயரிலேயே எழுதி வையுங்கள். லினக்ஸில் இருப்பவர்களுக்கு 'எல்ஜிஓஜி டவுன்லோடர்' என்ற கருவி மொத்த லைப்ரரியையும் எடுத்துத் தரும். எடுத்ததை இரண்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். ஒன்றில் மட்டும் வைத்திருந்தால் அது பழுதாகிற அன்று திரும்பவும் கடையைத்தான் நம்ப வேண்டும். முக்கியமானவற்றை இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒருமுறை நிறுவி, ஓடுகிறதா என்று சோதியுங்கள். இந்தச் சோதனையைச் செய்யாத பேக்கப்பை நான் பேக்கப்பாகவே எண்ணுவதில்லை.

எதுவரை விளையாடினீர்கள் என்று பதிந்து வைக்கும் சேவ் கோப்புகளையும் எடுத்து வையுங்கள். கேம் திரும்பக் கிடைக்கலாம், நூறு மணி நேரம் விளையாடிய சேவ் கிடைக்காது. விண்டோஸில் அவை பெரும்பாலும் 'டாக்குமென்ட்ஸ்', 'சேவ்ட் கேம்ஸ்', 'ஆப்டேட்டா' ஃபோல்டர்களில் இருக்கும். கடையின் கிளவுடில் மட்டும் விட்டுவைக்காதீர்கள். வாங்கியதற்கான ரசீது மின்னஞ்சல்களையும் அழிக்காமல் தனியாகச் சேர்த்து வையுங்கள். கடை கைமாறும்போது கணக்கில் குளறுபடி வந்தால் உங்களிடம் இருக்கும் ஒரே சான்று அதுதான்.

பணத்தைப் பொறுத்தவரை என் கருத்து கண்டிப்பானது. சந்தேகம் வந்த கடையின் வாலட்டில் பணம் ஏற்றி வைக்காதீர்கள். நிறுவனம் திவாலானால், வாலட்டில் கிடக்கும் தொகைக்கு நீங்கள் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் கடைசிப் பக்கம் நிற்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே இருந்தால், வாங்க நினைத்திருந்த கேமுக்கு முதலில் அதைச் செலவழியுங்கள். வருடச் சந்தா, முன்பதிவு, பரிசு அட்டை மூன்றையும் இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். வாங்கினால் கார்டில் வாங்குங்கள். பொருள் கைக்கு வராவிட்டால் வங்கி வழியாகத் தகராறு எழுப்ப ஒரு வழி இருக்கிறது, அதற்குக் கால வரம்பும் இருக்கிறது.

வேலை இழந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முப்பது வருடப் பழைய கேம் இன்றைய கணினியில் ஓடுகிறது என்றால், அதன் ஒலி ஏன் திக்குகிறது, எந்தத் திரை அளவில் உறைந்துபோகிறது என்று யாரோ ஒருவர் பொறுமையாகத் தேடிச் சரிசெய்திருக்கிறார். அந்த அறிவு எழுதி வைத்த குறிப்புகளில் பாதிதான் இருக்கும். மீதி அவருடைய தலையில் இருக்கிறது. அவரை அனுப்பிவிட்டால், அடுத்த விண்டோஸ் பதிப்பு வரும்போது அதன் விளைவு தெரியும். கோப்பு இருக்கும், கேம் ஓடாது. ஆட்குறைப்பால் வாடிக்கையாளருக்கு வரும் உண்மையான இழப்பு இப்படித்தான் மெதுவாக வரும் என்று நினைக்கிறேன். அதனால் கடைக்கு எழுதினால் "மூடப்போகிறீர்களா" என்று மட்டும் கேட்காமல், பழைய கேம்களைச் சோதிக்கும் குழு இன்னும் இருக்கிறதா, இன்ஸ்டாலர்கள் தொடர்ந்து புதுப்பிக்கப்படுமா என்றும் கேளுங்கள். பதில் எழுதும் சப்போர்ட் ஊழியர் தன் வேலையே நிலைக்குமா என்ற பயத்தில் இருக்கலாம். முடிவு எடுத்தவர் அவர் இல்லை. அவரிடம் தன்மையாகப் பேசுங்கள்.

கடைசிக் கேள்வி, இனி வாங்கலாமா? பூட்டில்லாத இன்ஸ்டாலர் கிடைக்கிறது, வாங்கிய அன்றே டவுன்லோடு செய்துகொள்வீர்கள் என்றால் தயங்காமல் வாங்குங்கள். ஆட்குறைப்பு நடந்த கடையாக இருந்தாலும் பரவாயில்லை. கீ விற்கும் கடை என்றால் வாங்கியவுடனே கீயைப் போட்டுவிடுங்கள். அந்தக் கடையின் லாஞ்சரில் மட்டும் திறக்கும் கேம் என்றால், அடுத்த சில மாதங்களுக்குள் விளையாடி முடிக்கப்போவதை மட்டும் வாங்குங்கள். தள்ளுபடி என்று வாங்கிக் குவிக்க இது நேரமில்லை. கடையைக் காப்பாற்றுவதற்காக வேண்டாததை வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. டெவலப்பர்களுக்குப் பணம் வரவில்லை என்ற பேச்சு எழுந்தால் மட்டும், எந்த வகையாக இருந்தாலும் வாங்குவதை அன்றோடு நிறுத்துங்கள்.